தோழி போட்டிருந்த சட்டையைத் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டவை

யாரோ உடுத்தியிருக்கும் ஓர் உடை கண்ணில் ஒட்டிக்கொள்வதும், அது எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குவதும் கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். போனில் நாலு தட்டு தட்டினால் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். எனக்கு அது பல மாத வேலையாகிவிட்டது. ஒரு போலிக் கடை பணத்தை வாங்கிக்கொண்டு வேறெதையோ அனுப்பியது. சரியான சட்டை கண்ணில் பட்டபோது அளவு தவறாக வந்தது. இரவுத் தூக்கம் போனதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதை முதலில் செய்ய வேண்டும், எதை நம்பக்கூடாது என்று முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி எனக்கு மிச்சமாகியிருக்கும். அப்படிச் சொல்ல ஆளில்லை என்பதால்தான், இனி இதே தேடலில் இறங்கப்போகிறவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சட்டையைப் பற்றி முதலில். பெண்கள் அணியும் நீளமான முழுக்கைச் சட்டை, தொடை வரை வரும். மடிப்புக் காலர் கிடையாது, கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நின்றபடி ஒரு பட்டை மட்டும். முதுகில் பட்டைக்குக் கீழே ஒரே ஒரு மடிப்பு. மார்புப் பை மட்டும் துணியைக் குறுக்காக வெட்டித் தைத்தது, அதனால் அந்த இடத்தில் நெசவின் கோடு சாய்வாக ஓடும். பட்டன்கள் சிப்பியில் செய்தவை, வெளிச்சம் படும்போது உள்ளே ஒரு மினுமினுப்பு. நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம். தோழி அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தபோது துணி விழுந்த விதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. விறைப்பாகவும் இல்லை, தொளதொளவென்றும் இல்லை. எனக்கு உடை மேல் இப்படி ஆசை வருவது அபூர்வம். தோள் அகலமான எனக்கு இந்த வெட்டு பொருந்தும் என்று பார்த்ததுமே தெரிந்தது, பல வருடங்களாகக் கடைகளில் கிடைக்காத ஒன்று.

"இது எங்கடி வாங்கினே?" என்று அங்கேயே கேட்டேன். "தெரியலடி, அக்கா எப்பவோ வாங்கிக் குடுத்தது" என்றாள். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள், சொன்னபடி கேட்டாள், அக்காவுக்கும் நினைவில்லை. ஏதோ பயணத்தின்போது அவசரமாக வாங்கிய பரிசு, பில் எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. என்ன பிராண்டு என்று பார்க்கச் சொன்னேன். கழுத்தின் பின்னால் இருந்த லேபிள் அரித்தது என்று முதல் நாளே வெட்டி எறிந்துவிட்டாளாம். அத்தோடு அந்தக் கதவு அடைபட்டது என்று இருவருமே நினைத்துவிட்டோம். திரும்பத் திரும்பக் கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் உடையைக் கண் வைக்கிறோம் என்று நினைத்துவிடுவாளோ என்ற தயக்கம் நல்ல சிநேகத்திலும் வரும். அவளும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். என்னிடம் மிஞ்சியது அன்று மாலை விளக்கொளியில் எடுத்த சில படங்கள்தான்.

அந்தப் படங்களை வைத்துத் தேட ஆரம்பித்தேன். கூகுள் லென்ஸில் போட்டால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியது. எல்லாமே அதுபோல இருந்தன, எதுவும் அது இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லென்ஸ் மாதிரியான கருவி ஒத்த தோற்றத்தைத் தேடுகிறது. நீலச் சட்டை, நீளக் கை, பட்டைக் கழுத்து என்று மொத்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ரகத்தில் விற்பனைக்கு இருப்பவற்றைக் காட்டும். அதே சட்டை விற்றுத் தீர்ந்து பக்கமே எடுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் அங்கே வராது. 2008 முதல் இருக்கும் டின்ஐ என்ற தளம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அது ஒத்த பொருளைத் தேடாது, அதே படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடும், மிகப் பழைய பதிவு எது என்றும் வரிசைப்படுத்திக் காட்டும். தோழியின் படத்தை அதில் போட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் அந்தப் படம் என் போனில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கடை காட்டும் படம் அந்தக் கடையின் சொந்தப் படமா, வேறிடத்தில் சுட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இது எனக்குக் காலம் கடந்து தெரிந்தது.

படம் எடுக்கும் விதமும் முக்கியம். ஆள் போட்டிருக்கும் படத்தில் கருவி ஆளையும் பின்னணியையும் சேர்த்துப் பார்க்கிறது. சட்டையைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், தரையில் விரித்துச் சுருக்கம் இல்லாமல் எடுத்த படம் கிடைத்தால் முடிவுகள் சட்டென்று மாறும். முழுச் சட்டைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, பட்டன் வரிசைக்கு ஒன்று, பைக்கு ஒன்று எனத் தனித்தனியாகத் தேடிப் பார்க்கலாம். 2022 முதல் லென்ஸில் படத்தோடு சொற்களையும் சேர்க்க முடிகிறது, அதையும் பயன்படுத்துங்கள். ஆனால் எந்தச் சொல் என்பதுதான் கஷ்டம். அந்தக் கழுத்துப் பட்டையை ஒரு கடை பேண்ட் காலர் என்கிறது, இன்னொன்று மாண்டரின் காலர் என்கிறது, வேறொன்று கிராண்டட் காலர் என்கிறது. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. நிறத்துக்கு அதைவிட மோசம். விளக்கொளியில் எடுத்த என் படத்தில் சட்டை பச்சை கலந்த சாம்பலாகத் தெரிந்தது. ஒளி மாறினால் சாயத்தின் தோற்றமும் மாறும், போன் கேமரா தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் மாற்றும். ஆகவே நிறத்தை வைத்து வடிகட்டாதீர்கள். நான் பச்சை, சாம்பல் என்றே வடிகட்டிக்கொண்டிருந்த வாரங்களில் அந்தச் சட்டை என் கண்ணில் பட வாய்ப்பே இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு கடையின் விளம்பரம் என் போனில் வந்து நின்றது. தேடுவதை அறிந்துகொண்டு விளம்பரம் பின்தொடரும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் படத்தைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. அதே கழுத்து, அதே சாய்வுப் பை, அதே பட்டன். மாடலின் முகம் மட்டும் மேலே வெட்டப்பட்டிருந்தது. பாதி விலை, சில மணி நேரமே மிச்சம் என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பணம் கட்டினேன். அதன்பின் பல வாரங்கள் சத்தமே இல்லை. பார்சல் வந்தபோது பிரிக்காமலே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது, ஒரு சட்டைக்கான கனமே அதில் இல்லை. உள்ளே இருந்தது மெல்லிய, வழுக்கும், பளபளக்கும் துணி. மார்புப் பையின் சாய்வு நெசவு வெறும் அச்சு. பட்டன் பிளாஸ்டிக். உள்ளே எங்கு தேடியும் என்ன நூல், எந்த நாடு என்று எழுதிய லேபிள் இல்லை. உள் தையலில் தொங்கிய ஒரு நூலைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, கைகழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். லினனோ பருத்தியோ மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸோ என்றால் காகிதம் எரிந்த வாடையோடு மெல்லிய சாம்பலாகும். இது உருகிக் கருகி, நுனியில் கெட்டியான மணியாக உறைந்தது. செயற்கை இழைக்கு அதுதான் அடையாளம். அன்று எனக்கு வந்த கோபத்தையும் அவமான உணர்வையும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பணத்தைவிட, ஒரு பொருளை மனசார விரும்பியதை ஒருவன் அளந்து பார்த்துப் பயன்படுத்திக்கொண்டான் என்பதுதான் வலித்தது.

அந்தக் கடைக்கு எழுதியதும் உடனே பதில் வந்தது, மிகவும் பணிவாக. சட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 20 சதவீதம் திருப்பித் தருகிறோம் என்றார்கள். மறுத்தேன், 30 என்றார்கள். மறுபடி மறுத்தேன், 40 என்றார்கள். திருப்பி அனுப்புகிறேன் என்றால் வேறொரு நாட்டில் உள்ள கிடங்கு முகவரியைக் கொடுத்து, அனுப்பும் செலவு உங்களுடையது என்றார்கள். அந்தச் செலவு கிட்டத்தட்டச் சட்டையின் விலைக்கே வந்தது. முதல் பதிலுக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் சில நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்த இழுத்தடிப்பு ஒரு கணக்கோடு செய்வது. விசா, மாஸ்டர்கார்டு கார்டுகளில் பொருள் விவரித்தபடி இல்லை என்று புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் வழி உண்டு. அதற்குப் பொதுவாக 120 நாள் கெடு, சில வங்கிகள் இன்னும் குறைவாக வைத்திருக்கும். கடையோடு பேசிக்கொண்டே இருந்தால் அந்தக் கெடு கழிந்துவிடும். பகுதிப் பணத்துக்கு ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு முழுப் பணத்துக்கு வாதாடுவதும் கஷ்டம். ஆகவே ஒருமுறை எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் நேராக வங்கிக்குப் போங்கள். கடைப்பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வந்த பொருளின் படம், லேபிள் இல்லாததைக் காட்டும் வீடியோ, மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துக் கொடுத்தேன். சட்டையின் விலை திரும்பி வந்தது. வெளிநாட்டுப் பணமாற்றுக் கட்டணமும், பார்சல் வந்தபோது கட்டிய சுங்க வரியும் போனது போனதுதான்.

அப்புறம் கவனித்த சில அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். தளத்தின் முகவரியை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் போட்டால் அந்தப் பெயர் எப்போது பதிவானது என்று காட்டும். பல வருடப் பாரம்பரியம், கடையை மூடுகிறோம், கடைசித் தள்ளுபடி என்று எழுதியிருந்த அந்தத் தளத்தின் பெயர் பதிவாகிச் சில வாரங்களே ஆகியிருந்தது. படத்தை டின்ஐயில் போட்டபோது அதே படம் வேறு வேறு பெயர் கொண்ட கடைகளில் வரிசையாக வந்தது, எல்லாவற்றிலும் மாடலின் முகம் வெட்டப்பட்டிருந்தது. துணி விவரத்தில் 'உயர்தரத் துணி' என்று மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள். உண்மையான கடை சதவீதம் எழுதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஜவுளி விதிப்படி என்ன இழை, எத்தனை சதவீதம் என்று லேபிளில் இருக்க வேண்டும், இணையத்தில் விற்றாலும் வாங்குமுன் அது தெரிய வேண்டும். இன்னொன்று, நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் பணம் கட்டவே கட்டாதீர்கள், அங்கே சார்ஜ்பேக் இல்லை. கார்டில் கட்டி ஏமாந்துவிட்டால் அந்தக் கார்டையே மாற்றித் தரச் சொல்லுங்கள். எண் அவர்களிடம் இருக்கிறதே.

சரி, விட்டுவிடலாம் என்று கொஞ்ச காலம் சும்மா இருந்தேன். ஆனால் அந்தப் போலிச் சட்டை ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. லேபிளைத் தேடி அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான், என் அலமாரியில் உள்ள நல்ல உடைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இடது பக்க உள் தையலில், இடுப்புக்கும் அடி ஓரத்துக்கும் நடுவே, இரண்டு மூன்று அடுக்காக ரிப்பன் லேபிள்கள். கழுத்து லேபிளை எல்லாரும் வெட்டுகிறோம், இதை யாரும் தொடுவதில்லை. தோழிக்கு எழுதினேன்: சட்டையை உள்பக்கமாகத் திருப்பு, இடது பக்கத் தையலைக் கீழே வரை தடவிப் பார், அங்கே இருக்கும் எல்லா லேபிளையும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பு. சில நிமிடங்களில் படங்கள் வந்துவிட்டன. "இத்தன நாளும் இதுவாடி கேட்டே, முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்கிறேன். ஓர் உடை பிடித்துப்போனால் எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அதற்குப் பதில் ஞாபகத்திலிருந்து வரும், ஞாபகம் பொய்க்கும். உள் தையல் லேபிளின் படம் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்கு அது எளிது, கொடுப்பவருக்கும் எளிது, மறுக்க ஒன்றுமில்லை. எழுத்து சலவையில் மங்கியிருந்தால் லேபிளைத் தட்டையாக இழுத்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி ஒரு படம், சாய்வாக விழும்படி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். போனிலேயே கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் பல எழுத்துகள் மேலே வரும். தோழியின் லேபிளில் கடைசி இரண்டு இலக்கங்கள் அப்படித்தான் கிடைத்தன.

அந்த லேபிளில் என்ன இருந்தது என்று பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் முதலில் பார்த்தபோது எனக்கு வெறும் எண் குவியலாகத்தான் தெரிந்தது. முதல் ரிப்பனில் 55 சதவீதம் லினன், 45 சதவீதம் விஸ்கோஸ் என்று பல மொழிகளில். அந்த வரியைப் படித்ததும் துணி ஏன் அப்படி விழுந்தது என்று புரிந்தது. சுத்த லினன் விறைப்பாக நிற்கும், விஸ்கோஸ் வழிந்து விழும், இரண்டும் கலந்ததுதான் அந்த நடை. நானோ அதுவரை சுத்த லினன் என்று வடிகட்டியே தேடியிருந்தேன், அந்த வடிகட்டியே அந்தச் சட்டையை வெளியே நிறுத்தியிருந்தது. அடுத்த ரிப்பனில் சலவைக் குறிகள், செய்த நாடு, அப்புறம் ஆர்.என். என்ற எழுத்துகளோடு ஓர் எண். அமெரிக்காவில் ஜவுளி விற்கும் நிறுவனங்கள் லேபிளில் தங்கள் பெயருக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் கொடுக்கும் எண் அது. கமிஷனின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அமெரிக்காவில் ஒருபோதும் போய்ச் சேராத உடையில் அது இல்லாமல் போகலாம், கனடாவில் விற்கப்படுவதில் சி.ஏ. என்று தொடங்கும் எண் இருக்கலாம். அந்த எண் உடையைச் சொல்லாது, நிறுவனத்தை மட்டும்தான் சொல்லும். சில சமயம் அது பிராண்டாக இல்லாமல் இறக்குமதியாளராகவும் இருக்கும். பழைய உடை தேடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் பயன்: 1941 முதல் 1959 வரை டபிள்யூ.பி.எல். என்ற எண்கள் கொடுக்கப்பட்டன, அந்த எழுத்துகளைப் பார்த்தால் நிறுவனம் பல தலைமுறைப் பழசு என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது ரிப்பன் எல்லாவற்றிலும் சின்னது, அதில் வெறும் எண்கள். அதுதான் உடையின் ஸ்டைல் எண். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுதும். எச் அண்ட் எம் கடையில் பொருள் எண் 10 இலக்கம், அதில் கடைசி மூன்றும் நிறத்துக்கு. ஸாராவில் சாய்வுக் கோடுகள் பிரிக்கும் மூன்று துண்டுகள், கடைசித் துண்டு நிறம். நாம் தேடுவது இந்த மாதிரி ஒன்றைத்தான். ஆர்.என். எண் வழியாக நிறுவனம் தெரிந்தது, ஆனால் அந்த நிறுவனத்தின் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகள் இருந்தன. ஸ்டைல் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் லேபிள் படத்தை இணைத்து, இது எந்த ஸ்டைல், என்ன பெயரில் விற்றீர்கள் என்று அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டே வரியில் எழுதினேன். அடுத்த வாரம் ஒரு பெண் அழகாகப் பதில் எழுதியிருந்தார். சட்டையின் பெயர், நிறத்தின் பெயர், வந்த பருவம் எல்லாம் இருந்தன. இப்போது தயாரிப்பதில்லை, கையிருப்பும் இல்லை என்றும் இருந்தது. நிறத்தின் பெயர் ஸ்டார்ம். நீலம் என்றோ சாம்பல் என்றோ அதில் இல்லவே இல்லை.

பெயர் கிடைத்தபின் தேடல் முற்றிலும் வேறாகிவிட்டது. பழைய உடையை விற்கிறவர்கள் ஸ்டைல் எண்ணை எழுதுவதில்லை, பிராண்டும் பெயரும் எழுதுவார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பிராண்டின் பழைய பக்கங்களைத் திறந்து பார்த்தேன். தனிப் பொருள் பக்கம் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்காது, 'பெண்கள் சட்டைகள்' போன்ற பட்டியல் பக்கங்கள் இருக்கும். அந்தப் பருவத்தின் பட்டியலில் என் சட்டை சின்னப் படமாக உட்கார்ந்திருந்தது. எந்தெந்த நிறங்களில் வந்தது என்றும் அங்கேதான் தெரிந்தது. அப்புறம் ஈபே, வின்டெட் போன்ற இடங்களில் பிராண்டும் பெயரும் சேர்த்த தேடலைச் சேமித்து வைத்து, புதிதாக வந்தால் தகவல் வரும்படி செய்தேன். விற்கிறவர்கள் பெயரைப் பிழையாக எழுதுவது சகஜம், அதனால் பெயர் இல்லாமல் பிராண்டு, லினன், பட்டைக் கழுத்து என்று இன்னொரு தேடலும் வைத்தேன். தினமும் உட்கார்ந்து புரட்டுவதை இது நிறுத்தியது. தூக்கம் திரும்பி வந்தது.

முதலில் வந்த தகவலைப் பார்த்து உடனே வாங்கினேன். அளவு 12 என்று விற்றவர் எழுதியிருந்தார், என் அளவும் 12. வந்த சட்டைக்குள் என்னைப் போல இன்னொருவரும் நுழையலாம். நான் பிரிட்டிஷ் அளவில் 12, அது அமெரிக்க அளவில் 8, ஜெர்மனியில் 38, இத்தாலியில் 44. அவர் விற்றது அமெரிக்க 12, அது பிரிட்டிஷ் கணக்கில் 16. தனி ஆள் விற்ற பொருள் என்பதால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். மறுபடி விற்றபோது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைத்தது. ஆகவே எண்ணை நம்ப வேண்டாம், டேப் அளவை நம்புங்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கழுத்துப் பட்டையின் அடியிலிருந்து கீழ் ஓரம் வரை, கை நீளம், இவற்றை அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் அதே அளவுகளை, டேப்போடு சேர்த்துப் படமாகக் கேளுங்கள். உண்மையான விற்பனையாளர் எடுத்து அனுப்புவார். உள் லேபிளின் படமும் கேளுங்கள், தோழியின் லேபிளோடு ஸ்டைல் எண்ணை ஒப்பிட்டுவிடலாம். கைக்குழி, கழுத்துப் பட்டையின் உள்பக்கம், கை நுனி, இந்த மூன்றையும் அருகில் எடுத்த படம் கேட்டால் கறையும் தேய்மானமும் மறைக்க முடியாது.

இரண்டாவது முறை இதையெல்லாம் கேட்டு வாங்கியதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. கீழிருந்து இரண்டாவது பட்டன் இல்லை என்று விற்றவரே சொல்லியிருந்தார், விலையும் குறைத்திருந்தார். அந்தச் சிப்பிப் பட்டனுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே உள் லேபிளைத் திருப்பினால், அதன் பின்பக்கம் உபரிப் பட்டன் ஒன்று தைத்தபடி இருந்தது. விற்றவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சில்லென்றது. பிளாஸ்டிக் அப்படிக் குளிராது. பிரித்து எடுத்து அன்றைக்கே தைத்துப் போட்டுக்கொண்டேன், தோள் நான் நினைத்தபடியே உட்கார்ந்தது.

இவ்வளவு தூரம் போகாமல் முடிக்க ஒரு வழியும் உண்டு, எல்லாருக்கும் அது ஒத்துவராது என்றாலும் சொல்கிறேன். தோழி சட்டையைச் சில நாள் கொடுத்து வைக்கத் தயார் என்றால், நல்ல தையல்காரர் அதைப் பிரிக்காமலே காகிதத்தில் படியெடுத்து வெட்டித் தருவார். வெட்டு அப்படியே வந்துவிடும், உங்கள் தோளுக்கும் கைக்கும் ஏற்ப மாற்றியும் தைக்கலாம். வராதது துணிதான். அதே கலவை, அதே கனம், அதே சாயம் கடையில் கிடைப்பது அரிது, துணி மாறினால் அதே வெட்டும் வேறு மாதிரி விழும். எனவே உங்களை ஈர்த்தது எது என்று முதலில் யோசியுங்கள். வெட்டு என்றால் தையல்காரரிடம் போங்கள், நேரமும் பணமும் மிச்சம். துணியின் விழுகையோ நிறமோ என்றால் லேபிளைத் தவிர வேறு வழியில்லை.

வாங்குவதற்கு முன்பே தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன், அதே நிறத்தில் நானும் வாங்கினால் உனக்கு ஒன்றுமில்லையே என்று. சிலருக்கு அது உறுத்தும், உறுத்தினால் வேறு நிறம் பார்க்கலாம். அவள் சிரித்துக்கொண்டே வாங்கச் சொன்னாள், ஒரே நாளில் போடக்கூடாது என்று மட்டும் ஒரு கட்டளை. லேபிளில் உள்ளபடி குளிர்ந்த நீரில் கையால் துவைக்கிறேன், முறுக்கிப் பிழிவதில்லை, ஏனென்றால் விஸ்கோஸ் ஈரத்தில் வலுவிழக்கும். உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் காயவைக்கிறேன். முதல் சலவைக்கு முன்னாலேயே மூன்று ரிப்பன்களையும் இருபக்கமும் படமெடுத்து அவளுக்கும் அனுப்பி வைத்தேன். என்னுடையதில் அச்சு தெளிவாக இருக்கிறது, அவளுடையதில் ஸ்டைல் எண் ஏற்கெனவே பாதி போய்விட்டது. அவளுக்கு அது எப்போதாவது தேவைப்படலாம்.